நிலைமின் கருவியும் புதையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் திரான்சிற்றரும் பற்றரியும் வாங்க வருகிறவர்களில் சிலர், பேச்சோடு பேச்சாகக் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: "இந்தப் புதையல் மெஷின் உண்மையா?" காணி விற்ற காசை ஒரு கம்பிக்குக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு, கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

நிலைமின் கருவி என்றால் என்ன? விற்கிற புதையல் மெஷினும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. நிலைமின் கருவி ஒரு பொருளில் தேங்கி நிற்கும் மின்னேற்றத்தையோ, அதைச் சுற்றியுள்ள மின்புலத்தையோ காட்டுவது. 1600இல் வில்லியம் கில்பேர்ட் ஒரு முனையில் சுழலும் ஊசியாக அதைச் செய்தார். தேய்த்த அம்பரை அருகே கொண்டுபோனால் ஊசி திரும்பும். 1787இல் ஏபிரகாம் பெனற் செய்த பொன்னிலை மின்காட்டிதான் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இன்றும் இருக்கிறது. இடியும் மின்னலும் வருமுன் எச்சரிக்கும் புல அளவிகளும் இதே குடும்பம்.

புதையல் மெஷின் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரு கைபிடி, அதன் மேல் இலகுவாகச் சுழலும் ஒரு தாங்கி, அதில் செருகிய நீளமான அன்டெனாக் கம்பி. சிலவற்றில் பல்ப், திரை, பீப் ஒலி எல்லாம் இருக்கும். பெயரில் 'நிலைமின்', 'அயன்' (மின்னேற்றம் பெற்ற அணு) என்ற சொற்கள் இருந்தாலும், மின்னேற்றத்தை அளக்கும் எதுவும் உள்ளே இருப்பதில்லை.

மண்ணுக்குள் கிடக்கிற தங்கம் நிலைமின் சேர்த்து வைக்கும், அதைத்தான் மெஷின் பிடிக்கும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். மண் மின்னைக் கடத்தும். வீட்டுக்கு ஏர்த் போடும்போது செப்புக் கோலை மண்ணில் இறக்குவது எதற்காக? வேண்டாத மின்னை மண் வாங்கிக் கொள்ளும் என்பதற்காகத்தான். மின்னை இப்படி வாங்கிப் பரப்பிவிடுகிற மண்ணுக்குள், ஒரு குடம் தங்கம் மட்டும் மின்னேற்றத்தைப் பொத்தி வைத்திருக்க வழியில்லை.

எண்ணாகவும் பார்க்கலாம். ஒரு ஊடகத்துக்குள் வைத்த மின்னேற்றம் கரையும் நேரம், அந்த ஊடகத்தின் மின்னுழைமையையும் (மின்புலத்துக்கு அது இடங்கொடுக்கும் அளவு) தடைத்திறனையும் (மின்னோட்டத்தை அது தடுக்கும் அளவு) பெருக்கினால் வரும். தடைத்திறன் 100 ஓம் மீற்றர் உள்ள ஈர மண்ணுக்கு அது ஏறத்தாழ 9 நனோசெக்கன், அதாவது ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒன்பது பங்கு. நன்றாகக் காய்ந்த, 1,00,000 ஓம் மீற்றர் தடைத்திறனுள்ள மணலில்கூட நான்கு மைக்ரோசெக்கனைத் தாண்டாது. அநுராதபுர காலத்தில் புதைத்தது என்றாலும் நேற்றுப் புதைத்தது என்றாலும், அதில் இருந்த நிலைமின் புதைத்த கணத்திலேயே போய்விட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. மண் கடத்தி என்பதால் அது ஒரு திரை போலவும் நிற்கும். தரைக்கு மேலே உள்ள மின்புலத்தைத் தீர்மானிப்பது வானமும் தரையின் மேடு பள்ளமும்தான். கீழே தங்கம் இருந்தாலும் வெறும் கல் இருந்தாலும் மேலே நிற்கும் கருவிக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

ஐம்பது அறுபது வருஷம் கிடந்த தங்கம் அயன் விடும், அது மேலே புகை மாதிரி எழும்பும் என்று விற்கிறவர் சொன்னார். அதுவும் பொய்யா?

தங்கம் கறள் பிடிக்காத உலோகம். சாதாரண மண் நீரில் அது கரைவதில்லை. கரைக்க சயனைட்டோ அரச நீரோ (கடும் அமிலக் கலவை) வேண்டும். மண்ணில் கரையாத பொருள் காற்றில் அயனாக எழும்பவும் முடியாது.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு நெடுங்காலம் மண்ணில் கிடந்தால் கறள் சுற்றுமண்ணில் ஊறிப் பரவும். அப்போது உலோக டிடெக்டருக்கு அந்த இரும்பு அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். இது உண்மை, ஆனால் அது சில சென்றிமீற்றர் விஷயம், இரும்பு விஷயம். தங்கச் சுரங்கப் பகுதியிலே மர வேர் ஆழத்திலிருந்து தங்கத்தை உறிஞ்சி இலைக்குக் கொண்டுவருவதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். அந்த அளவு நூறு கோடியில் சில பத்துப் பங்குதான். அதைக் காண மாபெரும் எக்ஸ் கதிர்க் கூடமே தேவைப்பட்டது.

கைபிடிக்குள்ள ஒரு துண்டுத் தங்கம் வைத்தால், அதே அலைவரிசையில் உள்ள தங்கத்தை மட்டும் தேடுமாம். சரியா?

தங்கத்துக்கு என்று தனி அலைவரிசை கிடையாது. உலோக டிடெக்டரில் ஒரு பொருள் எப்படிப் பதில் தரும் என்பது அதன் உலோகத்தோடு அளவு, தடிப்பு, வடிவம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரு மோதிரத்தை டிடெக்டருக்கு முன்னால் காட்டுங்கள், தெளிவாகச் சத்தம் வரும். அதே மோதிரத்தை ஓரிடத்தில் வெட்டி வாயைத் திறந்துவிட்டுக் காட்டுங்கள், சத்தம் வெகுவாகக் குறையும். தங்கம் ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. சுற்றி ஓட வேண்டிய மின்னோட்டத்துக்கு வழி அறுந்துவிட்டது, அவ்வளவுதான்.

செட்டியார் தெருவில் எந்த நகைக்கடையிலும் தங்கத்தை அருகே வைத்து, உரைத்தோ நிறுத்தோ எக்ஸ் கதிர் கருவியில் காட்டியோதான் பார்க்கிறார்கள். தூரத்திலிருந்து தங்கத்தை அறியும் அலைவரிசை இருந்திருந்தால் முதலில் வாங்கியிருப்பவர்கள் அவர்கள்தான்.

என் கையிலேயே கம்பி திரும்பியது. நான் திருப்பவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பொய் சொல்லவில்லை. வேண்டுமென்று திருப்பவும் இல்லை. நாம் எதிர்பார்க்கும் திசைக்குத் தசை நமக்குத் தெரியாமலே மிக நுண்ணியதாக அசையும். பிரான்சின் செவ்ரல் 1833இல் கையில் தொங்கவிட்ட ஊசலைக் கொண்டு இதைக் காட்டினார். கண்ணைக் கட்டியதும் ஊசல் நின்றுபோனது. 1852இல் வில்லியம் கார்ப்பென்ரர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

கம்பியின் அமைப்பு இந்தச் சிற்றசைவைப் பெருக்கிக் காட்டுவதற்கென்றே வாய்த்தது. தாங்கி உராய்வில்லாமல் சுழலும். கம்பி கிட்டத்தட்ட கிடையாக நிற்கும். மணிக்கட்டு ஒன்றிரண்டு பாகை சரிந்தாலே போதும், கம்பி பாரத்தில் தாழ்ந்த பக்கம் போய்விடும். அந்த ஒரு பாகையை மணிக்கட்டில் உணர முடியாது. அரை மணி நேரம் பிடித்துக் கை சோர்ந்தபின் இன்னும் சுலபமாகத் திரும்பும்.

பற்றரியே இல்லாமல், நம் உடம்பின் நிலைமின்னில் வேலை செய்யும் என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா?

இதே விளக்கத்தோடு விற்கப்பட்ட ஒரு கருவி உலகப் பிரசித்தம். பெயர் ஏடீஈ 651. 'நிலைமின் காந்த அயன் ஈர்ப்பு' என்பது அதன் விளக்கக் கையேட்டில் இருந்த சொற்றொடர். பற்றரி கிடையாது, பிடித்திருப்பவர் சற்று நடந்தால் உடம்பில் சேரும் நிலைமின்னே போதும் என்றார்கள். ஈராக்கின் சோதனைச் சாவடிகளில் குண்டு தேட அதை வைத்திருந்தார்கள். அதனுள்ளே செருகும் அட்டையைப் பிரித்தபோது, கடைகளில் திருட்டைத் தடுக்க ஒட்டும் மலிவான வில்லைதான் இருந்தது. கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்ததே அந்த உருவம். விற்ற ஜேம்ஸ் மக்கோமிக்குக்கு 2013இல் இலண்டன் நீதிமன்றம் 10 வருடச் சிறை விதித்தது. ஜீரீ 200 என்ற உறவுக் கருவியை விற்ற கரி போல்ரனுக்கு அதே வருடம் 7 வருடம். ஜீரீ 200ஐ 2010இல் தாய்லாந்து அரசு சோதித்தபோது 20 தடவையில் 4 தடவைதான் சரியாகக் காட்டியது. கண்ணை மூடி ஊகித்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

புதையல் கம்பியை நம்பினால் காசு போகும். அங்கே அதை நம்பி வாகனங்களை உள்ளே விட்டதால் உயிர்கள் போயின. அதனால்தான் இந்த விஷயத்தைச் சின்ன ஏமாற்று என்று விட்டுவிட நமக்கு மனமில்லை.

அப்போ நம் உடம்பில் நிலைமின் சேர்வதே இல்லையா?

சேரும். உடம்பின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் திறன்) ஏறத்தாழ 100 பிக்கோபரட். காய்ந்த குளிர்நாட்டில், ஈரப்பதன் 10 முதல் 20 சதவீதமாக இருக்கையில் கம்பளத்தில் நடந்தால் 35,000 வோல்ற்று வரை ஏறலாம் என்று மின்னணுத் தொழிலில் பயன்படுத்தும் பட்டியல் சொல்கிறது. அதே நடை, ஈரப்பதன் 65 முதல் 90 சதவீதத்தில் 1,500 வோல்ற்றுதான். கொழும்பு வருடம் முழுவதும் இந்த இரண்டாவது வகை. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் உப்பும் சேர்ந்து எல்லாப் பரப்பிலும் ஒரு மெல்லிய கடத்தும் படலம் படிந்துவிடும், ஏறிய மின் நிமிடத்துக்குள் வடிந்துவிடும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவரிடம் எதுவுமே இருக்காது.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உண்மையான மின்காட்டி ஒன்று செய்ய வேண்டும். என்ன என்ன தேவை?

ஒரு கண்ணாடி ஜாம் போத்தல், பிளாஸ்ரிக் மூடி, 15 சென்றிமீற்றர் நீள செப்புக் கம்பி (வீட்டு வயரிங்கின் 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பி போதும்), ஒரு உறிஞ்சுகுழல், மெழுகுவர்த்தி, சமையல் அலுமினியத் தாள், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம். மூடியில் துளையிட்டு உறிஞ்சுகுழல் துண்டைச் செருகி, அதற்குள் கம்பியை நிறுத்தி, உருக்கிய மெழுகை ஊற்றி இறுக்குங்கள். மெழுகு இங்கே நல்ல காவலி. கம்பியின் கீழ் முனையைக் கொக்கியாக வளைத்து, 4 சென்றிமீற்றர் நீளமும் 5 மில்லிமீற்றர் அகலமும் உள்ள இரண்டு அலுமினிய இலைகளை ஒட்டி ஒட்டி நிற்க, ஆனால் தாராளமாக அசையத் தொங்கவிடுங்கள். மேல் முனையில் தாளைச் சுருட்டி 2 சென்றிமீற்றர் உருண்டை. போத்தலுக்குள் சிலிக்காவைப் போட்டு மூடுங்கள்.

அரை அங்குலப் பீவீசீ குழாயை உலர்ந்த கம்பளியில் தேய்த்து உருண்டைக்கு அருகே கொண்டுவந்தால் இலைகள் விரியும். நிலையாக ஏற்ற வேண்டுமென்றால், குழாயை அருகே பிடித்தபடியே உருண்டையை விரலால் தொடுங்கள், முதலில் விரலை எடுங்கள், பிறகு குழாயை எடுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகள் பத்துக்கு எட்டுப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்.

இலை விரிந்து உடனே விழுந்துவிடுகிறதா? வியர்வைக் கை மெழுகில் பட்டிருக்கும். தலைமுடி உலர்த்தியால் மூடியைச் சூடாக்கி, ஏசி அறையில் வைத்து மறுபடி செய்யுங்கள். ஏசி இல்லாத அறையில் மழை நாளில் இந்தப் பரிசோதனையை வைக்கவே வேண்டாம்.

திரான்சிற்றர் போட்டு இன்னும் நுட்பமாகச் செய்யலாமா?

செய்யலாம், செலவும் குறைவு. பீஎஃப் 245 அல்லது 2என் 3819 என்ற புலவிளைவுத் திரான்சிற்றர் ஒன்று, சிவப்பு எல்ஈடீ, 9 வோல்ற்றுப் பற்றரி, 1 மெகாஓம் தடை, 15 சென்றிமீற்றர் கம்பி. எல்ஈடீயின் நேர்முனை பற்றரியின் நேர்முனைக்கு, மறுமுனை திரான்சிற்றரின் வடிகால் (drain) காலுக்கு, மூலக் கால் (source) பற்றரியின் மறைமுனைக்கு. வாயில் (gate) காலில் 1 மெகாஓம் தடையூடாகக் கம்பி. கால்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், தரவுத்தாளைப் பார்த்தே ஒட்டுங்கள். வாயில் இணைப்பைப் பலகையில் ஒட்டாமல் காற்றிலேயே நிறுத்துங்கள், ஈயப் பசைப் படிவு மின்னைக் கசியவிடும்.

சாதாரணமாக எல்ஈடீ எரியும். தேய்த்த பீவீசீ குழாயை அரை மீற்றரில் கொண்டுவந்தால் அணையும். வீட்டுச் சுவரில் ஓடும் 230 வோல்ற்று வயருக்கு அருகே மங்கும், துடிக்கும்.

அதைச் செய்து காணியில் கொண்டுபோனேன். ஒரு புற்றுக்குப் பக்கத்தில் போனால் எல்ஈடீ மாறுகிறது. கீழே ஏதோ இருக்குத்தானே?

கருவி பொய் சொல்லவில்லை, நீங்கள் அதை வாசித்த விதம்தான் தவறு. நல்ல வெயில் நாளில் தரைக்கு மேலே ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 100 வோல்ற்று வித்தியாசம் காற்றில் இருக்கிறது. கம்பியை 30 சென்றிமீற்றர் தாழ்த்தினால் அது 30 வோல்ற்று வித்தியாசமான இடத்துக்குப் போகிறது. புற்று, பாறை, மரம், மதில் எல்லாம் தரையோடு சேர்ந்த கடத்திகள், அவற்றின் உச்சியில் புலம் நெருங்கி வலுக்கும், அடியில் தளரும். புற்றின் பக்கத்தில் மாறியது வானத்தின் புலம். 'புற்று இருக்கிற இடத்தில் புதையல் இருக்கும்' என்ற பழைய பேச்சும் இந்த அசைவும் ஒன்றாகச் சேரும்போது மனிதர் மண்வெட்டியை எடுத்துவிடுகிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு: பொலியெஸ்ரர் சேர்ட், தலைக்கு மேலே வரும் மழை முகில் (அப்போது புலம் மீற்றருக்கு ஆயிரக்கணக்கான வோல்ற்று, கருவியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போக வேண்டிய நேரம்), அருகில் போகும் மின்கம்பி. தரைக்குக் கீழே உள்ளது இந்தப் பட்டியலில் வராது, காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

விற்கிறவர் என் கண் முன்னாலேயே புதைத்த மோதிரத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். இதைவிட என்ன சாட்சி?

எங்கே புதைத்தது என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரிந்த உங்கள் முகம் அவர் முன்னால் இருந்தது. இதை நீக்கிவிட்டுச் சோதியுங்கள். காசு கொடுக்குமுன் ஒரு மாலைப் பொழுது போதும்.

10 மண் தயிர்ச் சட்டிகளை 2 மீற்றர் இடைவெளியில் கவிழ்த்து எண் இடுங்கள். முதலில் எல்லோரும் பார்க்க ஒரு சட்டியின் கீழ் இரண்டு பவுண் நகையை வைத்துக் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும். "இன்று, இந்த இடத்தில் கருவி சரியாக வேலை செய்கிறது" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். இது முக்கியம், பிறகு ஈரம், முகில், பக்கத்து வீட்டு போன் என்று காரணம் வராது. பிறகு அவரை வீட்டுக்குள் அனுப்புங்கள். உங்களில் ஒருவர் 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுத்து, அந்தச் சட்டியின் கீழ் நகையை வைத்துவிட்டு, எல்லாச் சட்டியையும் ஒருமுறை தொட்டுத் தூக்கி வைத்துவிட்டு, பின்வழியாகக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அதன்பின் இடம் தெரியாத மற்றொருவர் விற்பவரை அழைத்து வந்து, அவர் சொல்லும் எண்ணை எழுத வேண்டும். இப்படி 20 தடவை.

வெறும் ஊகத்தில் 2 தடவை சரிவரும். 3, 4 வந்தாலும் அதிர்ஷ்டமே. 7 அல்லது அதற்கு மேல் அதிர்ஷ்டத்தில் வருவது ஆயிரத்தில் இரண்டு மூன்று முறைதான், அப்படி வந்தால் மறுநாள் இன்னொரு இடத்தில் திரும்பச் செய்யுங்கள். விற்பவர் இந்தச் சோதனைக்கே மறுத்தால் அதுவும் பதில்தான்.

அப்படியென்றால் மண்ணுக்குள் பார்க்க எந்தக் கருவியும் இல்லையா?

இருக்கின்றன. பெரும்பாலானவை மண்ணுக்குள் ஏதாவது ஒன்றை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கின்றன, அல்லது இயற்கையான காந்தப் புலத்தை அளக்கின்றன. உலோக டிடெக்டர் மாறும் காந்தப் புலத்தை அனுப்பும். ஒரு காசை 25, 30 சென்றிமீற்றரிலும், பெரிய உலோகப் பாத்திரத்தை ஒரு மீற்றர் அளவிலும் காணும். 30 மீற்றர் ஆழம் என்று விளம்பரம் சொன்னால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். தரை ஊடுருவும் ராடார் காய்ந்த மணலில் சில மீற்றர் பார்க்கும், ஈரக் களியில் ஒரு மீற்றருக்குள்ளேயே மங்கிவிடும். அது தங்கம் என்று சொல்லாது, ஏதோ மாறுகிறது என்றுதான் சொல்லும்.

மண்ணின் மின்தடை அளவீட்டைத் தொல்லியலில் 1946இல் ரிச்சட் அற்கின்சன் பயன்படுத்திக் காட்டினார். நான்கு கோல்களை ஒரே கோட்டில் சம இடைவெளியில் நட்டு, வெளிக் கோல்களில் மின்னோட்டம் செலுத்தி, உள் கோல்களில் வோல்ற்று அளப்பது. இடைவெளி 1 மீற்றர், மின்னோட்டம் 20 மில்லிஅம்பியர், வோல்ற்று 0.32 என்றால் தடைத்திறன் ஏறத்தாழ 100 ஓம் மீற்றர். பார்க்கும் ஆழம் கோல் இடைவெளியில் பாதி. புதைந்த சுவர், அகழி, கிணற்று வாய் இவற்றுக்கு அருமையான முறை. ஒரு குடத்தைக் காண உதவாது.

நிலத்தில் தானாகவே மில்லிவோல்ற்று இருக்கிறது, அதை அளந்து கனிமம் தேடுகிறார்கள் என்று படித்தேன். அது நிலைமின் இல்லையா?

நீங்கள் படித்தது சரி. தன்மின்னழுத்த முறை என்பது அது. 1830இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களில் ரொபர்ட் பொக்ஸ் கண்டது. ஆனால் அது ஓடும் மின், நிலைமின் அல்ல: பெரிய சல்பைட்டுத் தாதுத் தொகுதி ஒரு பற்றரி போல வேதிவினையில் மின்னோட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். அளக்க வெறும் இரும்புக் கோல் கூடாது, கோலே பற்றரியாகிப் பொய் வாசிப்புத் தரும். நுண்துளைப் பாத்திரத்தில் நிறைவான செப்புச் சல்பேற்றுக் கரைசலும் செப்புக் கோலும் வேண்டும். கறள் பிடிக்காத தங்கக் குடம் இந்தப் பற்றரியாக முடியாது. மரவேர் நீர் உறிஞ்சும் இடத்திலும் மில்லிவோல்ற்று மாறும் என்பதால், தோட்டத்தில் இதை வைத்துத் தேடினால் பலாமரத்தைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

நல்ல உலோக டிடெக்டரும் கொழும்புப் பக்கம் சும்மா சும்மா சத்தம் போடுகிறதே?

இந்தப் பக்கத்து மண் கபுக் மண், இரும்பு ஒட்சைட்டு நிறைந்தது. தரைச் சமன் செய்யாமல் தொடங்கினால் மண்ணே சத்தம் போடும். டிடெக்டர் தட்டை உலோகமில்லாத இடத்தில் 30 சென்றிமீற்றரிலிருந்து 3 சென்றிமீற்றர் வரை ஏற்றி இறக்கி, ஒலி மாறாதபடி சமனைத் திருகுங்கள். மண்ணின் நிறம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள். கடற்கரையில் ஈர உப்பு மணல் இன்னொரு தொல்லை, அங்கே துடிப்பு வகைக் கருவி (காந்தப் புலத்தை விட்டு விட்டு அனுப்பும் டிடெக்டர்) நல்லது. அலுமினியத் தாளும் பியர் ரின் வளையமும் மோதிரத்தைப் போலவே எண் காட்டும். அவற்றை வடிகட்டினால் மோதிரமும் சேர்ந்து போகும்.

நிலைமின்னால் கனிமத்துக்குப் பிரயோசனமே இல்லையா?

உண்டு. புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கோன் கலந்து வருகின்றன. இந்த வகை மணலை நன்றாக உலர்த்தி, சுழலும் உலோக உருளையில் உயர் வோல்ற்றில் ஓடவிடும்போது, கடத்தும் ரூட்டைல் மின்னை உடனே விட்டு எறியப்படும், கடத்தாத சேர்க்கோன் உருளையில் ஒட்டிக்கொண்டு சுற்றும். அள்ளிய மணலைப் பிரிக்கிறது, மண்ணுக்குள் தேடவில்லை. மணல் கொஞ்சம் ஈரமானாலும் வேலை நின்றுவிடும்.

என் சொந்தக் காணியில் நான் தோண்டினால் யார் என்ன கேட்க முடியும்?

சட்டம் கேட்கும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உங்கள் காணியில் இருந்தது என்பதால் மட்டும் உங்களுடையதாகாது. 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை இதில் அடங்கும். தொல்பொருளைத் தேடி அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் வேண்டும். கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் தொல்பொருளியல் திணைக்களம் இருக்கிறது. டிடெக்டரை வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன் சுங்கத்திடம் எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். கருவியோடும் பூசைச் சாமானோடும் பிடிபட்டால் "சும்மா பார்த்தோம்" என்பது எடுபடாது.

உயிர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு கனமீற்றர் மண் ஒன்றரை முதல் இரண்டு தொன். இரவில் முட்டுக்கொடுக்காமல் தோண்டிய குழி சரிந்தால் நெஞ்சு வரை மூடினாலே மூச்சு நின்றுவிடும்.

மெஷினுக்குக் காசு கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்க முடியுமா?

பற்றுச்சீட்டு, விளம்பரம், போனில் வந்த செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977) வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். மோசடி என்று பொலிஸிலும் முறையிடலாம். மேலே சொன்ன தயிர்ச் சட்டிச் சோதனையைச் சாட்சிகளோடு செய்து, எண்களைப் பதிந்து கையொப்பம் வாங்கி வைத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். இன்னொருவருக்கு விற்றுக் காசை எடுக்க மட்டும் நினைக்காதீர்கள்.

83 கலவரத்தில் அம்மம்மா நகையை வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனவ. இப்போதுதான் சொன்னா. அதை எப்படித் தேடுவது?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, கம்பிக்காரர் குறிவைப்பதும் இந்தக் குடும்பங்களைத்தான். முதல் கருவி அம்மம்மாவின் ஞாபகம். கிணறு, கேற்றுத் தூண், குசினிச் சுவர், மரம் எல்லாம் எங்கே இருந்தன என்று அவ சொல்லச் சொல்லக் கீறுங்கள், பழைய நில அளவைப் படத்தோடு ஒப்பிடுங்கள். எதில் வைத்தா என்று கட்டாயம் கேளுங்கள். பிஸ்கற் ரின் என்றால் நல்லது: கறள் பிடித்த ரின், உள்ளே இருக்கும் தங்கத்தைவிட இலகுவாகத் தெரியும். பித்தளைச் செம்பும் நன்றாகத் தெரியும். ஹோர்லிக்ஸ் போத்தல் என்றால் உள்ளே இருப்பதை மட்டுமே நம்ப வேண்டும், மெல்லிய சங்கிலி கண்ணி கண்ணியாகப் பிரிந்து மிகவும் பலவீனமான சத்தம்தான் தரும், காப்பு இருந்தால் பிழைத்தது.

பிறகு மண் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கொழும்பில் புது வீடு கட்டும்போது இரண்டு அடி நிரப்பியிருப்பார்கள். ஒன்றரை அடியில் வைத்த ரின் இன்று மூன்றரை அடியில் இருக்கும், சாதாரண 28 சென்றிமீற்றர் தட்டு அங்கே எட்டாது. நிரப்பிய மண்ணை முதலில் அகற்ற வேண்டும். கயிறு கட்டி ஒரு மீற்றர் பட்டிகளாகப் பிரித்து, தட்டின் பாதி அகலம் முந்திய வீச்சின் மேல் விழும்படி மெதுவாக வீசுங்கள், பின்பு குறுக்காக ஒருமுறை. எந்த உலோகத்தையும் வடிகட்டாதீர்கள், உங்களுக்கு வேண்டியதே இரும்பு ரின். சத்தம் வந்த இடங்களில் ஆப்பு நட்டு, எல்லாம் முடிந்தபின் 10 சென்றிமீற்றர் படையாகக் கரண்டியால் எடுங்கள்.

1983 நகை தொல்பொருள் அல்ல. ஆனால் காணி இன்று வேறொருவருடையது என்றால் அவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நகை தெரியும் பழைய கலியாணப் படம், அடகுச் சீட்டு எதுவும் இருந்தால் கையோடு வைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் காணி வன்னியில். அங்கேயும் இதே மாதிரித் தேடலாமா?

இடம்பெயரும்போது அங்கே புதைத்தவர்கள் இன்னும் அதிகம். ஆனால் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்பட்ட காணியா என்று பிரதேச செயலகத்தில் உறுதி செய்யாமல் ஒரு கரண்டி மண்ணும் எடுக்கக் கூடாது. அகற்றிய காணியிலும் வெடிக்காத எறிகணை ஆழத்தில் தங்கியிருக்கலாம். டிடெக்டருக்கு எறிகணையும் பிஸ்கற் ரின்னும் ஒரே இரும்புச் சத்தம்தான். தோண்டும்போது உருண்டையான, துடுப்பு வைத்த, அல்லது பச்சை நிறப் பூச்சுள்ள எதுவும் தெரிந்தால் தொடாமல், மண்ணை மூடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து, தூரத்திலிருந்து தெரியும்படி ஒரு துணியைக் கட்டிவிட்டு 119க்கு அழையுங்கள்.